நெல்லிக்காயைச் சுற்றும் கடுகு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்தபின் மொட்டை மாடியில் நடந்த மாலைப் பேச்சு. பேசியவர் நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். உரையின் எழுத்து வடிவம் இது.)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு, வண்டி நிறுத்தும் இடம் என்று ஒன்றரை மணி நேரம் பேசிக் களைத்திருக்கிறீர்கள். கடைசியாக மொட்டை மாடிக்கு ஃபிளட் லைட் போடும் தீர்மானம் வந்தது. அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், கடைசியில் சொல்கிறேன். இப்போது ஒரு நட்சத்திரத்தையும் அதைச் சுற்றும் ஒரு கோளையும் உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன்.

நட்சத்திரத்தின் பெயர் பிபா. விளையாட்டுச் செய்திப் பக்கத்தில் வருகிற கால்பந்து பிபாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பிபா சௌத்ரி என்ற இந்திய இயற்பியலாளரின் பெயர். கோளின் பெயர் சந்தமசா. இரண்டும் இந்திய மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பெயர்கள்.

சந்தமசாவை இன்றுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. அதற்குப் புகைப்படமும் கிடையாது. அப்படியானால் அது இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறோம்? சொன்னால் ஏன் நம்ப வேண்டும்? வாட்ஸ்அப்பில் நாள்தோறும் 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி' என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிற காலம் இது. இந்த ஒரு கேள்வியை மட்டும் பிள்ளைகளோடு சேர்ந்து நாம் உட்கார்ந்து யோசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

எங்கே இருக்கிறது?

மகம் நட்சத்திரம் உங்களுக்குத் தெரியும். மாசி மகத்தன்று முழு நிலா எந்த வெள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிறதோ, அதுதான் மகம். மாசி, பங்குனி மாதங்களில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தால் நன்றாக ஏறி நிற்கும். அங்கிருந்து தெற்குப் பக்கமாகக் கையை நீட்டி முக்கால் சாண் அளந்தால், ஒன்றுமே இல்லாதது போல ஓர் இடம் வரும். பிபா அங்கேதான் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிகிற மிக மங்கலான நட்சத்திரத்தைவிடவும் அது சுமார் 12 மடங்கு மங்கல். அதனால் தொலைநோக்கி இல்லாமல் தெரியாது.

அதன் பழைய பெயர் எச்.டி. 86081. ஒரு நட்சத்திரப் பட்டியலில் அதன் வரிசை எண் அது. நம் வீடுகளுக்குக் கதவு எண் மாதிரி. 2019 வரை அதற்குக் கதவு எண் மட்டும்தான் இருந்தது.

ஏறக்குறைய நம் சூரியனைப் போன்ற நட்சத்திரம்தான். வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவு. எடையில் சூரியனைப் போல சுமார் 1.2 மடங்கு, அகலத்தில் சுமார் ஒன்றரை மடங்கு. தூரம் 300 ஒளியாண்டுக்கும் மேல். அதாவது, இன்று இரவு அதிலிருந்து வந்து சேர்கிற வெளிச்சம், மதுரையை ராணி மங்கம்மாள் ஆண்ட காலத்தை ஒட்டி அங்கிருந்து கிளம்பியது.

நெல்லிக்காயும் கடுகும்

இனி அந்தக் கோள். அதைப் புரிந்துகொள்ள இந்த மொட்டை மாடியே போதும். ஒரு சென்டிமீட்டரைப் பத்து லட்சம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் சூரியன் ஒரு கோலிக்குண்டு அளவுக்கு வரும். அதை இந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், பூமி ஒன்றரை மீட்டர் தள்ளி, முகத்துக்குப் போடும் பவுடரில் ஒரு துகள். வியாழன் ஏறக்குறைய எட்டு மீட்டர் தள்ளி, அந்தக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம், ஒரு கடுகு. அந்தக் கடுகு கோலிக்குண்டை ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது பிபா. கோலிக்குண்டை எடுத்துவிட்டுச் சின்ன நெல்லிக்காய் ஒன்றை வையுங்கள். கடுகு எங்கே இருக்கும் தெரியுமா? ஐந்தே சென்டிமீட்டர் தூரத்தில். வியாழனைப் போலக் குறைந்தது ஒன்றரை மடங்கு எடையுள்ள ஒரு ராட்சதக் கோள், தன் சூரியனிலிருந்து சுமார் 50 லட்சம் கிலோமீட்டரில் சுற்றுகிறது. நம் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே 15 கோடி கிலோமீட்டர். சூரியனுக்கு மிக அருகில் இருக்கிற புதன் கோளே சராசரியாக 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அதற்கு ஒரு சுற்று 88 நாள். சந்தமசாவுக்கு ஒரு சுற்று 2.1375 நாள், அதாவது 51 மணி 18 நிமிடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் ஓர் 'ஆண்டு' முடிந்துவிடும். அங்கே பிறந்திருந்தால் இந்தக் கூட்டத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைக்குக்கூட ஆயிரம் வயதைத் தாண்டியிருக்கும்.

அங்கிருந்து பார்த்தால் அந்தச் சூரியன் வானத்தில் நம் சூரியனைப் போலச் சுமார் 40 மடங்கு அகலமாகத் தெரியும். கையை நீட்டி ஒரு சாண் பிடித்தால்தான் மறைக்க முடியும். பூமிக்குக் கிடைப்பதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் வெளிச்சமும் சூடும் அதன்மேல் விழுகின்றன. கணக்குப்படி அதன் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் அதிகம். பித்தளைக் குத்துவிளக்கை அங்கே வைத்தால் உருகி ஓடிவிடும். சித்திரை மாதத்து நம் மொட்டை மாடியைப் பற்றி இனி யாரும் குறை சொல்லக் கூடாது.

இவ்வளவு நெருக்கத்தில் இப்படி ஒரு பெரிய கோள் உருவாகியிருக்க முடியாது என்பதுதான் பெரும்பாலான வானியலாளர்களின் எண்ணம். அந்தச் சூட்டில் தூசியும் பனியும் திரண்டு சேராது. எங்கோ தூரத்தில் உருவாகிப் பிறகு உள்ளே நகர்ந்து வந்திருக்க வேண்டும். பிறந்த காலத்தில் நட்சத்திரத்தைச் சுற்றியிருந்த வாயுத் தட்டு அதை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அல்லது வேறொரு பெரிய பொருளின் ஈர்ப்பால் பாதை நீண்டு குலைந்து, பிறகு நட்சத்திரத்தின் அருகில் அடங்கியிருக்கலாம். நம் வியாழனும் இப்படி உள்ளே புறப்பட்டு வந்திருந்தால், நடுவில் இருந்த சின்னக் கோள்களின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பூமி என்று ஒன்று இன்று இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

பார்க்காமல் எப்படித் தெரிந்தது?

பெரியவர் ஒருவர் குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றுகிறார். குழந்தை பெரிய வட்டம் போடும். ஆனால் பெரியவரும் நின்ற இடத்தில் ஆணி அடித்ததுபோல நிற்க மாட்டார். பின்னால் சாய்ந்து ஒரு சின்ன வட்டம் போடுவார். இருட்டில் குழந்தை தெரியாவிட்டாலும், பெரியவர் ஆடுகிற ஆட்டத்தை வைத்து, 'கையில் யாரோ இருக்கிறார்கள்' என்று சொல்லிவிடலாம். எவ்வளவு எடை, எத்தனை நொடிக்கு ஒரு சுற்று என்றுகூடச் சொல்லிவிடலாம். சந்தமசா பிபாவைச் சுற்றும்போது பிபாவும் இப்படித்தான் ஆடுகிறது.

300 ஒளியாண்டுக்கு அப்பால் நடக்கிற அந்த ஆட்டத்தை எப்படி அளப்பது? ராஜபாளையம் ரோட்டில் ஆம்புலன்ஸ் போகும்போது கேட்டிருப்பீர்கள். நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்று ஒலிக்கும்; தாண்டிப் போனதும் சுருதி இறங்கிவிடும். ஒளிக்கும் இது பொருந்தும். நட்சத்திர ஒளியை வானவில் போலப் பிரித்தால், நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும், கடைச் சாமான்மேல் இருக்கும் பார்கோடு மாதிரி. நட்சத்திரம் நம் பக்கம் வந்தால் அந்தக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும்.

இந்த உத்தி நமக்குப் புதிதில்லை. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட் என்பவர் சூரியனில் இருக்கும் கரும்புள்ளிகளை ஆராய்ந்தார். கோடுகள் நகர்ந்திருப்பதை வைத்து, புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். இன்றும் உலகம் முழுவதும் அதை 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் பாடப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். நம் ஊரிலிருந்து அரை நாள் பயணத்தில் இருக்கிற மலையில் நடந்த வேலை அது.

பிபாவுக்கு வருவோம். ஹவாய்த் தீவில் மலை உச்சியில் இருக்கும் கெக் தொலைநோக்கியில் பல இரவுகள் இந்தக் கோடுகளை அளந்தார்கள். நட்சத்திரம் நம்மை நோக்கியும் விலகியும் விநாடிக்கு சுமார் 208 மீட்டர் வேகத்தில் ஆடுவது தெரிந்தது. பயணிகள் விமானம் பறக்கிற வேகம்தான். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் பதினான்கு லட்சத்தில் ஒரு பங்கு. கோடுகள் நகர்வதும் அந்த அளவுக்குத்தான். அதே ஆட்டம் 2.1375 நாளுக்கு ஒருமுறை கடிகாரம்போலத் திரும்பத் திரும்ப வந்தது. 2006இல் கோளை அறிவித்தார்கள்.

சென்னையில் ஒரு முயற்சி

இதே யோசனையை 1855இலேயே ஒருவர் முன்வைத்தார். அதுவும் சென்னையில். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் இருந்தது. அதன் தலைவராக இருந்தவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். '70 ஒபியூக்கி' என்ற இரட்டை நட்சத்திரத்தை அவர் அளந்துகொண்டிருந்தார். ஒன்றையொன்று சுற்றுகிற அந்த இரண்டும், கணக்குப்படி வர வேண்டிய இடத்தில் வராமல் கொஞ்சம் விலகி வந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இழுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்று அவர் எழுதினார். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் ஒன்றை அளவீட்டின் அடிப்படையில் அறிவித்த மிகப் பழைய முயற்சிகளில் ஒன்று, நம் தமிழ்நாட்டு மண்ணிலிருந்து போனது.

ஆனால் அந்தக் கோள் அங்கே இல்லை. பின்னால் வந்தவர்கள் நல்ல கருவிகளால் அளந்தபோது அந்த விலகல் நிற்கவில்லை.

ஜேக்கப் கெட்டிக்காரர்தான். யோசனையிலும் தவறு இல்லை. தெரிவதன் ஆட்டத்தை வைத்துத் தெரியாததைக் கண்டுபிடிப்பது என்ற அதே யோசனைதான் 2006இல் வென்றது. வித்தியாசம் தராசில். விறகுக்கடைத் தராசில் தங்கம் நிறுக்க முடியாது. ஜேக்கப் பார்த்த விலகல், அன்றைய கருவியில் வரக்கூடிய பிழையின் அளவிலேயே இருந்தது. பிபாவின் ஆட்டம் விநாடிக்கு 208 மீட்டர். அதை அளந்த கருவியின் பிழையோ சில மீட்டர்தான்.

இன்னொன்றும் வேண்டும். அளந்தவர் ஒருவரே சொன்னால் போதாது. 1995இல் சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும், '51 பெகாசி' என்ற சூரியனைப் போன்ற நட்சத்திரத்தை 4.2 நாளில் சுற்றும் ஒரு பெரிய கோளை அறிவித்தார்கள். நான்கு நாளில் சுற்றும் வியாழனா என்று பலருக்கும் சந்தேகம். அமெரிக்காவில் வேறொரு குழு வேறொரு தொலைநோக்கியில் சில நாளிலேயே அளந்து பார்த்தது. அதே ஆட்டம் தெரிந்தது. அப்போதும், 'நட்சத்திரமே சுருங்கி விரிகிறதோ என்னவோ' என்று சிலர் விடாமல் கேட்டார்கள். 1999இல் வேறொரு நட்சத்திரத்தின் முகத்துக்குக் குறுக்கே இதே வகைக் கோள் கடந்து போனது. கணக்குப் போட்டுச் சொன்ன நேரத்தில் நட்சத்திர ஒளி ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குறைந்தது. இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதைப் பதிவு செய்தன. சந்தேகம் தீர்ந்தது. 2019இல் மேயருக்கும் கெலோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே பிள்ளைகளே, ஒரு செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். அளந்த தராசின் பிழை எவ்வளவு? வேறு யாராவது தனியாக அளந்து பார்த்தார்களா? இதற்குப் பதில் இல்லாத செய்தியை அடுத்த குரூப்புக்கு அனுப்பாதீர்கள். இது பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பிபா என்பவர் யார்?

2019இல் உலக வானியல் ஒன்றியத்துக்கு நூறு வயது நிறைந்தது. அதை ஒட்டி, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதன் கோளையும் கொடுத்து, 'நீங்கள் பெயர் வையுங்கள்' என்றார்கள். இந்தியாவுக்குக் கிடைத்தது எச்.டி. 86081. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றுக்கு மக்கள் வாக்களித்தார்கள். நட்சத்திரத்தின் பெயரைச் சொன்னவர் சூரத்தில் படித்த ஒரு பொறியியல் கல்லூரி மாணவர். கோளின் பெயரைச் சொன்னது புனேயில் பள்ளியில் படித்த 13 வயதுப் பிள்ளை. விபா என்றால் ஒளிக்கற்றை. வங்காளத்தில் அதைப் பிபா என்பார்கள். சந்தமசா என்றால் மேகம் மூடியது, இருண்டது. தமஸ் என்ற சொல் நமக்கும் தெரிந்ததுதானே.

பிபா சௌத்ரி 1913இல் கொல்கத்தாவில் பிறந்தவர். தேவேந்திர மோகன் போஸோடு சேர்ந்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். டார்ஜிலிங் பக்கத்து மலை உயரங்களில் புகைப்படத் தகடுகளை மாதக்கணக்கில் வைத்து, கதிர்த் துகள்கள் அதில் போட்ட கோடுகளை நுண்ணோக்கியில் எண்ணினார்கள். எலெக்ட்ரானைவிடச் சுமார் 200 மடங்கு எடையுள்ள துகளின் தடயம் கிடைத்தது. உலகப் போர்க் காலம். இன்னும் நுட்பமான தகடுகள் இங்கே கிடைக்கவில்லை. போர் முடிந்து, மேம்பட்ட தகடுகளைக் கொண்டு இங்கிலாந்தில் செசில் பவல் குழு 1947இல் பை-மேசான் என்ற துகளை உறுதி செய்தது. 1950இல் நோபல் பரிசு பவலுக்குப் போனது.

பிபா நிறுத்தவில்லை. மான்செஸ்டரில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். ஹோமி பாபா அழைத்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்; அங்கே அவர்தான் முதல் பெண் ஆய்வாளர். கோலார் தங்கச் சுரங்க ஆய்வுகளிலும் பங்கெடுத்தார். 1991இல் காலமானார். உயிரோடு இருந்தவரை நாட்டின் பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. இறந்து 28 ஆண்டு கழித்து ஒரு நட்சத்திரம் அவர் பெயரில் நிற்கிறது.

சென்னையின் ஜேக்கப்புக்கும் டார்ஜிலிங்கின் பிபாவுக்கும் குறைந்தது ஒன்றுதான்: அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டிய கருவி. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் அபு மலையில் 'பாரஸ்' என்ற நிறமாலைக் கருவியை வைத்திருக்கிறது. தன் நட்சத்திரத்தை 3.2 நாளில் சுற்றும் ஒரு சூடான பெரிய கோளை 2021இல் அதைக் கொண்டு நம்மவர்களே உறுதி செய்தார்கள். இப்படி வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களின் எண்ணிக்கை இன்று 6000ஐத் தாண்டிவிட்டது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 'பிறந்தநாளுக்கு உங்கள் குழந்தை பெயரில் நட்சத்திரம்' என்று இணையத்தில் சான்றிதழ் விற்கிறார்கள். அந்தப் பெயர் எந்த வானியல் பட்டியலிலும் ஏறாது. உலக வானியல் ஒன்றியம் பெயர்களை விற்பதில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு பைனாகுலர் வாங்குங்கள்.

நம் மாடிக்கு ஒரு கோரிக்கை

இப்போது ஃபிளட் லைட். துணி காயப்போட வருகிறவர்களுக்கும், விளையாடுகிற பிள்ளைகளுக்கும் வெளிச்சம் வேண்டும் என்பது நியாயம். நான் எதிர்க்கவில்லை. விளக்கு தரையைப் பார்த்து விழும்படி மேலே மூடி போடுங்கள். தனி ஸ்விட்ச் வையுங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை அதை அணைத்துவைக்க ஒப்புக்கொள்ளுங்கள். நகரத்தில் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் இழந்துவிட்ட வானம் நமக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. வானத்தை நோக்கிப் போடுகிற ஒரு விளக்கு போதும், அதுவும் போய்விடும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? சந்தமசா நம் பைனாகுலருக்கு எட்டாது. ஆனால் இந்த 2026 மாசி, பங்குனியில் மாலை இருட்டியதும் தலைக்கு மேலே மிகப் பளிச்சென்று நிற்பது வியாழன். கையை மதில்மேல் ஊன்றிக்கொண்டு பைனாகுலரில் பார்த்தால், அதன் பக்கத்தில் ஒரே கோட்டில் குட்டிப் புள்ளிகள் தெரியும். அவை அதன் நிலாக்கள். பெரியவை நான்கு. மிக நெருங்கிய அயோ ஒன்றே முக்கால் நாளில் சுற்றிவிடும். ஏறக்குறைய நம் சந்தமசாவின் வேகம். அது வியாழனின் பளிச்சில் அடிக்கடி மறைந்துபோகும். கானிமீடு எளிது, ஒரு சுற்றுக்கு ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம்.

இதற்குச் சனிக்கிழமை மட்டும் போதாது. பத்து நாள், தினமும் ஐந்து நிமிடம் வேண்டும். ஏ பிளாக் பிள்ளைகள் ஒரு நோட்டு, பி பிளாக் பிள்ளைகள் ஒரு நோட்டு. தினமும் ஒரே நேரத்தில் புள்ளிகள் எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று வரையுங்கள். ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. பத்தாம் நாள் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து, கானிமீடுக்கு எத்தனை நாள் என்று தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் நம் இதழின் அடுத்த இதழில் போடச் சொல்லிச் செயலாளரிடம் கேட்போம். ஒத்துவராவிட்டால் மறுபடியும் பத்து நாள் பாருங்கள்.